கம்ப்ரசர் கேட்ட ஆடி லீவு

லீவு கேட்காத மனிதர் உலகத்தில் இல்லை. ஆனால் இருக்கிற லீவை வேரோடு பெயர்த்தெடுத்து வேறொரு மாதத்தில் நட்டுவைக்கச் சொல்லி, பள்ளிக்கூடத்தோடும் அரசாங்கத்தோடும் கடைசியில் அம்மனோடும் மல்லுக்கு நின்றவர், எனக்குத் தெரிந்து, கம்ப்ரசர் ஒருவர்தான்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஊரில் வேறு யாருக்காவது தெரியுமா என்பதும் சந்தேகம். ரேஷன் கடையில்கூட, "கம்ப்ரசர் வந்துட்டாருங்க, வழி உடுங்க" என்றுதான் சொல்வார்கள். ரிக் வண்டியில் போர்வெல் போடும் ட்ரில்லராக வடநாடு முழுக்க அலைந்தவர். பாதி ஆயுளை ஓடுகிற கம்ப்ரசர் பக்கத்தில் நின்று பேசியே கழித்ததில், வேலையிலிருந்து நின்ற பிறகும் குரலைக் குறைக்க அவருக்கு வழி தெரியவில்லை. அவர் வீட்டில் சண்டை வந்தால் ஊரே பஞ்சாயத்துக்குத் தயாராகிவிடும். அவர் ரகசியம் பேசினால் அடுத்த ஊரில் தலையாட்டுவார்கள்.

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருந்த அந்த நடுநிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக நான் போய்ச் சேர்ந்த முதல் நாளே அவரை, பார்ப்பதற்கு முன்பே, கேட்டேன். சேலம் சூரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், எட்டாம் வகுப்பில் நின்று ஒளிவிலகலை விளக்கிக்கொண்டிருந்தேன். வாசல் கேட்டில் யாரோ வாட்ச்மேனிடம் பேசுவது வகுப்புக்குள் கணீரென்று விழுந்தது.

"புது டீச்சருங்களா? ஆடிக் காத்தடிச்சா அப்படியே பறந்துருவாங்களாட்ட இருக்குது. நல்லாச் சாப்பிடச் சொல்லு சாமி."

பிள்ளைகள் எல்லோரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பக்கத்து அறையிலிருந்து தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அவர் ரகசியமாத்தான் சொன்னார்" என்றார்.

கம்ப்ரசரின் பேத்தி தர்ஷினி எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அவளைக் கொண்டுவந்து விடுவதற்காகக் காலையில் வருவார். விட்டுவிட்டுப் போவதுதான் கிடையாது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் சத்துணவு வாசனை வரும்வரை அசையமாட்டார். அவருக்கு ஒரே ஒரு கவலை. முழுப் பரீட்சை லீவை மே மாதத்திலிருந்து எடுத்து ஆடி மாதத்தில் வைக்கவேண்டும். அதைச் சொல்லாமல் அவர் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை. மழை வருமா என்று கேட்டாலும் பதில் அங்கேதான் போய் நிற்கும்.

கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, முதல் ஆடி வரும்வரை.

கோடைதான் போர்வெல்காரர்களுக்கு அறுவடை. ஊர் ஆண்களில் பாதிப்பேர் அப்போது எங்கோ சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ பாறையைக் குடைந்துகொண்டிருப்பார்கள். அங்கே மழை பிடித்து வேலை நின்றபிறகுதான் வண்டிகள் திரும்பும். ஆடி பிறந்ததும் ஒரு காலையில் பார்த்தால், எங்கள் சாலையோரம் முழுக்க ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும். உடம்பெல்லாம் கண்காணாத ஊர்களின் செம்மண். குழாய்களுக்கு நடுவே சேலையைத் தூளியாகக் கட்டிக்கொண்டு ஆட்கள் பகலெல்லாம் தூங்குவார்கள். மரவள்ளிக் காட்டின் மேல் காற்று அலை அலையாக வந்து, அந்தத் தூளிகளை மெல்ல ஆட்டிவிட்டு, எங்கள் வகுப்பறை ஜன்னல்களைத் தட்டும். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். கண் மட்டும் சாலையில் இருக்கும்.

"மே மாசம் ஆத்துல தண்ணி இல்லீங்க, ஊட்டுல அப்பன் இல்லீங்க. அப்ப எதுக்குங்க டீச்சர் லீவு?" என்று கம்ப்ரசர் கேட்டதற்கு, நான் படித்த பி.எட்.டில் பாடம் இல்லை.

ஒரு மத்தியானம் மட்டும் அவர் காரணத்தை முழுதாகச் சொன்னார். அவர் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பத்து மாதம் கழித்து ஊர் திரும்பியிருக்கிறார். வாசலில் நின்ற மகள் அவரைப் பார்த்து, "வாங்க" என்று கும்பிட்டு, பாய் விரித்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாளாம். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களுக்குச் செய்யும் மரியாதை அது. யாரும் குறை சொல்ல முடியாது.

"ஒரம்பரைக்கு வெக்கிற தண்ணிங்க டீச்சர் அது. நான் எம்பட ஊட்டுக்கு வந்தவன். அந்தத் தண்ணி எனக்குத் தொண்டைல எறங்கவே இல்லீங்க."

இப்போது மருமகன் செந்தில், தர்ஷினியின் அப்பா, அதே வேலையில் இருக்கிறார். போன ஆடியில் அவர் வந்து இறங்கியபோது தர்ஷினியும், "வாங்க" என்று சொம்பை நீட்டியிருக்கிறாள். அவள் பயம் தெளிந்து பேசிப் பழகுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நடுவில் இருந்த பகல்களையெல்லாம் பள்ளிக்கூடம் வாங்கிக்கொண்டது. அதைத்தான் கம்ப்ரசர் திருப்பிக் கேட்டார். இந்தக் கதையை அவர் என்னிடம் அந்தரங்கமாகத்தான் சொன்னார். எட்டாம் வகுப்பில் இரண்டு பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் கம்ப்ரசர் எப்படி உறுப்பினரானார் என்று எனக்குப் புரிந்ததில்லை. கல்வி ஆர்வலர் என்று ஓர் இடம் காலியாக இருந்தது, இவர் அதில் உட்கார்ந்துவிட்டார், எழுப்பத் தைரியம் யாருக்கும் இல்லை என்று தலைமையாசிரியர் சொன்னார். ஆடி பிறப்பதற்கு முந்தைய கூட்டத்தில் விஷயம் விவாதத்துக்கு வந்தது. நாட்காட்டி சென்னையில் போடுவது, நம்மால் ஒன்றும் செய்ய முடியாது என்று தலைமையாசிரியர் பொறுமையாக விளக்கினார்.

"சரிங்க சார். அவிங்க காலண்டர் அவிங்ககிட்டயே இருக்கட்டும். நாம இங்க சத்தமில்லாம மாத்திக்கலாமுங்க" என்றார் கம்ப்ரசர். சத்தமில்லாம என்ற சொல் கேட்டுக் கூரையிலிருந்த புறாக்கள் கிளம்பிப் போயின.

எதிர்ப்பு வரும் என்று பார்த்தால், எல்லோரும் மாற்றவேண்டும் என்றே சொன்னார்கள். மாதம்தான் வேறு வேறு. குழுத் தலைவி சரசு அக்காவுக்கு வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தீபாவளி முடிந்து தறி ஓய்கிற நாளில் லீவு விட்டால் பிள்ளைகளோடு எங்காவது போய்வரலாம் என்றார். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், வெயிலில் கோழிகளுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும், மே லீவைக் கைவிடவே கூடாது, கூட மார்ச்சையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம் என்று ஒரு குரல் வந்தது. கூட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடம் நடத்த நாளே மிஞ்சவில்லை.

அப்போதுதான் கம்ப்ரசர் எழுந்து, "நாம ஆளாளுக்குப் பேசி முடியாதுங்க. ஆத்தாகிட்டயே கேட்டர்லாம். கெடா கொண்டாரேன்" என்றார்.

அந்தப் பக்கத்தில் நோம்பிக்கு நாள் குறிப்பதானாலும் சரி, நேர்த்திக்கடன் கொடுப்பதானாலும் சரி, ஆட்டுக்கிடாய் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து நிறுத்துவார்கள். அது தலையிலிருந்து வால்வரை உடம்பை உதறினால் அம்மன் சம்மதம் கொடுத்ததாக அர்த்தம். துளுக்குவது என்பார்கள். துளுக்கும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது. ஆனால் கல்வித்துறை சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை ஆட்டிடம் கேட்ட வரலாறு அதற்குமுன் கிடையாது.

தலைமையாசிரியர் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். "கேட்டுப் பாக்கறதுல என்னங்க சார் போவுது?" என்று தலைவி சொல்லிவிட்டார். கடைசியில் தலைமையாசிரியர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: "ஆடு வரட்டும். ஆனா அது பார்வையாளர்தான். தீர்மானத்துல அதும்பேர் வராது."

ஆடியில் கூடிய அடுத்த கூட்டம் வேப்பமரத்தடியில். கறுப்புக் கிடாய், நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை. எங்கள் யாரையும்விட அது நன்றாக உடுத்தி வந்திருந்தது. கம்ப்ரசர் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் கைகூப்பினார். "ஆத்தா, ஆடி மாசம் புள்ளைங்களுக்கு லீவு உடலாமுன்னா துளுக்கிக் குடு தாயே."

அந்தக் குரலுக்கு எங்களில் இரண்டொருவர் துளுக்கினோம். கிடாய் அசையவில்லை.

காத்திருந்தோம். மறுபடி தண்ணீர், மறுபடி வேண்டுதல். கிடாய் தலைமையாசிரியரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். காற்று சுழன்று சுழன்று வந்தது. பழுத்த வேப்பிலைகள் ஒவ்வொன்றாக எங்கள் மடியில் விழுந்தன. சரசு அக்கா உட்கார்ந்தவாறே கண்ணயர்ந்துவிட்டார். எங்கோ ஒரு பட்டத்தின் வால் படபடக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் கண் சொக்கியது. பாதித் தூக்கத்தில் ஆடி லீவை நான் பார்த்தேன் என்றே சொல்லவேண்டும். காவிரி கரைதொட்டுப் போகிறது, ரிக் வண்டி ஆட்கள் தோளளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை, யாருக்கும் எதற்கும் அவசரமில்லை. கண்ணைத் திறந்தபோது மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே செந்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே தர்ஷினி கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் நிற்பது அவளுக்குத் தெரியாது.

கோழிப்பண்ணைக்காரருக்குத் தீவனம் வைக்கிற நேரம் வந்துவிட்டது. பொறுக்கமுடியாமல் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டபடி, "அட உடுங்கப்பா. எப்பவும்போல மே மாசமே இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

கிடாய் கொம்பிலிருந்து வால் நுனிவரை உதறியது. மஞ்சள் தண்ணீர் எல்லோர்மேலும் தெறித்தது.

தலைமையாசிரியருக்கே மனசு கேட்கவில்லை. "ஈ ஏதாவது உக்காந்திருக்குமுங்க. இன்னொருக்கா கேளுங்க" என்றார்.

"இல்லீங்க சார். கேட்டது நானு. சொன்னது ஆத்தா. அதுக்குமேல பேச்சு இல்லீங்க" என்றார் கம்ப்ரசர். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. அவருக்கு எவ்வளவு வலித்தது என்பது அதில்தான் தெரிந்தது.

கிடாயை நோம்பியன்று கோயிலில் வெட்டி எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார். எனக்கு அதன்மேல் கோபம் தீரவில்லை. குழம்பை இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனால் கம்ப்ரசர் பாறை தட்டினால் குழியைக் கைவிடுகிற ஆள் இல்லை. கிடாய் துளுக்கிய மறுநாளே தலைமையாசிரியர் அறையில் நின்றார். "லீவைத்தானுங்க ஆத்தா தரமாட்டேன்னா. அப்பன்காரனுங்க பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாதுன்னு சொல்லலீங்களே?"

அந்த வாரமே ரிக் வண்டி ஆட்கள் பள்ளிக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு வெல்டிங் தெரியும், பெயிண்ட் அடிக்கத் தெரியும், குழாய் பொருத்தத் தெரியும். உடைந்த பெஞ்சுகள் எழுந்து நின்றன. சுற்றுச்சுவர் ரிக் வண்டியின் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மாறியது. யாரோ பழக்கதோஷத்தில் அதில் 'ஒலி எழுப்பவும்' என்றுகூட எழுதிவிட்டார்கள். அப்பாக்கள் வெல்டிங் வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதும், தீப்பொறி நின்றதும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதுமாகப் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். நானும் ஒளியைப் பற்றி அந்த ஆடியில்தான் உருப்படியாக நடத்தினேன்.

ஒருநாள் செந்தில் ஜன்னலோரம் நின்று, "கண்ணு, அப்பாவுக்குச் சித்த தண்ணி கொண்டா" என்றார்.

தர்ஷினி நிமிரவே இல்லை. "கணக்குப் போட்டுட்டு இருக்கறன்ல. நீயே போய் மொண்டு குடிச்சுக்கப்பா."

நான் கண்டிக்கப் போனேன். அதற்குள் கம்ப்ரசர் மரத்தடியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். "கேட்டீங்களா சார், கேட்டீங்களா டீச்சர், போய் மொண்டு குடிச்சுக்கன்னுட்டா" என்று ஒவ்வோர் அறையாகப் போய்ச் சொன்னார். எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே கேட்டிருந்தோம். ஆனாலும் ஒவ்வொருவரும் அப்போதுதான் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டோம்.

சில வருடம் கழித்து எனக்குச் சேலத்துக்கே மாறுதல் வந்தது. மாறுதல்கள் மே மாதத்தில்தானே வரும். சாவிகளை ஒப்படைக்கப் போனபோது பள்ளியில் ஒரு பிள்ளை இல்லை. சாலையில் வண்டி இல்லை, மரவள்ளிக் காட்டில் காற்று இல்லை. வேப்பமரத்தடியில் கம்ப்ரசர் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன் பக்கம் குனிந்து ரகசியம் சொன்னார்.

"பாரு சாமி, புள்ளைங்க யாருமே இல்லாத மாசத்துல கெளம்பறாங்க. போயிட்டு வாங்கன்னு சொல்றதுக்குக்கூட ஆளில்லை. ஆடியில லீவு உட்டிருந்தா இந்நேரம் பள்ளிக்கூடமே கேட்டுல நின்னு அழுதிருக்கும்."

வெயிலில் நடந்து வந்ததில் எனக்குத் தாகமாக இருந்தது. மரத்தடியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். வாட்ச்மேன் சொம்பை எடுக்க எழுந்தார். கம்ப்ரசர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பானை அங்கயேதான் இருக்குதுங்க டீச்சர். போய் மொண்டு குடிங்க."

போய் மொண்டு குடித்தேன். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் என்னை உபசரித்திருக்கிறார்கள். இவ்வளவு பிரியமாக யாரும் உபசரித்ததில்லை.