அப்பா மீன் பிடித்த இடம் குறித்து ஒரு திருத்தம்

கெட்டில் ஏரி, மினசோட்டா

மதிப்பிற்குரிய ஆசிரியர் திருமதி லுண்டீன் அவர்களுக்கு,

ட்வைட் வீட்டுக் கர்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாயிருக்க வேண்டும். இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

சென்ற வாரத் தாளில் என் அப்பா ஹார்லனின் மரணச் செய்தி வந்தது. எழுதியது நான்தான். பள்ளியில் கட்டுரைக்கு மார்க்கே வாங்காதவன், துக்கத்தில் கை ஓடிவிட்டது. மான் வேட்டை, கூடாரம், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்தது, பேத்தியைத் தோளில் சுமந்து காடு சுற்றியது எல்லாம் எழுதியும் மனசு ஆறாமல், ‘பீவர் தீவுக்குக் கிழக்கே, தட்டைப் பாறைக்கு எதிரில்தான் ஆயுளெல்லாம் ட்ரவுட் மீன் பிடித்தார்’ என்று இடத்தையும் எழுதித் தொலைத்தேன். படிப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டு படகை இறக்கிவிட்டார்கள்.

சர்ச்சில் துக்கச் சாப்பாட்டின்போதே அப்பாவின் நண்பர் ஆர்வில் என் கையைப் பிடித்து, “உங்கப்பன் மாதிரி மனுஷன் கிடையாதுப்பா” என்று தேம்பினார். நானும் தேம்பினேன். கையை விடாமலே, “ஆமா, அங்க ஆழம் எவ்வளவு இருக்கும்?” என்றார். பின்னாலிருந்து அம்மா, “பாதிரியாருக்கே சொல்லாத இடம்டா! பேப்பர்ல போட்டுட்டியே, புண்ணியவானே!” என்றாள்.

சங்கடம் என்னவென்றால், தான் மீன் பிடித்த இடத்தில்தான் தன் சாம்பலைக் கரைக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சனிக்கிழமை அம்மா, என் மகள் ஆனிக்கா, நான் மூவரும் சாம்பல் பெட்டியோடு போனால், அங்கே சந்தை மாதிரி படகுகள். தூவினால் அடுத்தவர் காபியில்தான் விழும். “கொஞ்சம் தள்ளிக்குங்க, அப்பாவைக் கரைக்கணும்” என்றேன். ஒருவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, “தாராளமா கரைங்க. மீன் மிரளாம மெதுவா கரைங்க” என்றார். பெட்டியோடு திரும்பினோம்.

அப்பாவை அவர் இடத்தில் சேர்க்காமல் நான் விடப்போவதில்லை. ஆகவே அடுத்த தாளில், ‘ஹார்லன் மீன் பிடித்தது படகுத்துறைப் பக்கம், நாணல் ஓரத்தில்’ என்று திருத்தம் போடவும். பொய்தான். ஆனால் ஊரில் யார் கேட்டாலும் அப்பா சொல்லிவந்த பொய் அதுதான். குடும்பச் சொத்தாக நினைத்து அச்சிடவும்.

பனி விழுமுன் தங்கள் வீட்டில் விறகு நிறையட்டும்.

இப்படிக்கு,
கர்ட் ட்வைட்

பின்குறிப்பு: திருத்தம் வேண்டாம். தபாலில் போடுமுன் இதை ஆனிக்காவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

“அப்பா, தாத்தா அந்தப் பாறைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறப்ப மட்டும்தான் போவாரு. அங்க என்னைக்காவது மீன் கிடைச்சுதா?”

யோசித்தேன். ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. கேட்டால் காற்று சரியில்லை என்பார் அப்பா.

“எதுக்கு அப்படி?” என்றேன்.

“உன் வாய்க்குப் பயந்துதான்.”

உண்மையான இடத்தை அப்பா அவளுக்கு ஏழு வயதிலேயே காட்டியிருக்கிறார். அவள் இன்றுவரை மூச்சுவிடவில்லை. அம்மாவுக்கும் தெரியாதாம், சுவரிலிருந்த அப்பாவின் படத்தை முறைத்தாள்.

இன்று விடியலில் ஆனிக்கா படகோட்ட, அங்கே போய்க் கரைத்தோம். ஈ காக்கை இல்லை. அம்மா அழுது முடித்ததும் ஆனிக்கா தூண்டில் போட்டாள். முழங்கை நீளத்துக்கு ஒன்று வந்தது.

கரையில் ஆர்வில் நின்றார். மீனைப் பார்த்தார், காலிப் பெட்டியைப் பார்த்தார்.

“ஏம்ப்பா கர்ட், கடைசில அப்பாவை எங்கதான் கரைச்சீங்க?”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனிக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். கையிலிருந்த குடுவைக் காபி முழுவதையும் அதில் ஊற்றி அடைத்துக்கொண்டேன்.