முந்தியில் போட்ட பட்டன்

கட்டம் அண்ணாச்சி என்ன வேலை பார்க்கிறார் என்று சரியாகச் சொல்லக்கூடிய மனிதர் சங்கரன்கோவிலில் இன்னும் பிறக்கவில்லை. அவரோடு ஒரே அறையில் நான்கு வருடம் குப்பை கொட்டிய எனக்கே தெரியாது.

விசைத்தறிச் சேலைகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் வரைந்துகொண்டிருந்தவர், எங்கள் ஆப் கம்பெனிக்குத் திரை வடிவமைக்க வந்தார். கையோடு கட்டத்தாளும் வந்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. தறிக்காரர்கள் அவரைக் கம்ப்யூட்டர்காரர் என்று நினைத்துக் கெட்டுப்போன பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் ஆபீஸ்காரர்கள் அவரைத் தறிக்காரர் என்று நினைத்துப் பொண்டாட்டிக்குச் சேலை எடுத்துத் தரச் சொல்வார்கள். எல்லோரிடமும் “பாக்குதேன்” என்பார்.

ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மாள் வேலை கொடுத்திருந்தார். தனியாக இருக்கும் முதியவர்கள் அவசரத்துக்கு ஆளைக் கூப்பிட ஓர் ஆப். அது கைவிட்டுப் போனால் ஆபீஸை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். மூடினால் நான் மறுபடி சென்னைக்குத்தான் போக வேண்டும். என் மனைவிக்குக் குருவிகுளத்தில் டீச்சர் வேலை. மூன்று வருடம் நான் சென்னையிலும் அவள் இங்கேயுமாகக் கிடந்து, அப்போதுதான் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருந்தோம்.

அண்ணாச்சி போட்ட திரையைப் போனில் திறந்தேன். வெள்ளை. விரலால் தள்ளினேன். மறுபடி வெள்ளை. ஆறாவது தள்ளலில், அடியோ அடியில், சிவப்பாக ஒரு பட்டன். சுற்றிலும் மாங்காய் பார்டர்.

“அண்ணாச்சி, பட்டன் ஏன் இம்புட்டுக் கீழ கெடக்கு?”

“சேலைன்னா உடல் வெறுமனே இருக்கணும்வே. வேலைப்பாடு பூரா முந்தியிலதான்.”

“பெரியவரு வழுக்கி விழுந்து கெடக்காரு. முந்தி வரைக்கும் எப்படி வருவாரு?”

“வருவாருவே. அழகா இருந்தா வருவாரு.”

வீடியோ காலில் அந்த அம்மாள் முதலில் கேட்டதே பட்டன் எங்கே என்றுதான். அண்ணாச்சி கீழே இருந்த தறிக்கூடத்துக்கு ஓடி ஒரு சேலையை வாங்கி வந்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, கேமரா முன்னால் விரிக்கத் தொடங்கினார். “மேடம், திஸ் பாடி. வெயிட். திஸ் ஆல்சோ பாடி.” சேலை நீள நீள நான் பின்பக்கமாகவே நடந்து மாடிப்படிக்கு வந்துவிட்டேன். வேலை போனதுதான் என்று முடிவு கட்டினேன்.

அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார்: “கடைக்கு வருகிறவர்களுக்கும் இப்படி முழுக்க விரித்துத்தான் காட்டுவீர்களா?”

கடையில் முந்தி மேலே தெரியும்படி அல்லவா மடித்து வைப்பார்கள்? அண்ணாச்சி முந்தி மேலே வரும்படி சேலையை மடித்தார். பிறகு, ஆறு தாள் ஒட்டி வரைந்திருந்த தன் டிசைனை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். பட்டன் உச்சிக்கு வந்துவிட்டது. மாங்காய்கள்தான் பாவம், தலைகீழாகத் தொங்கின. அந்த அம்மாள் கைதட்டினார். வேலை நிலைத்தது.

இந்த ஒரு வேலை கைவிட்டுப் போகக் கூடாதென்று ஏன் இந்தப் பாடு பட்டீர்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். அண்ணாச்சி என்னைக் கைகாட்டினார்.

“மேடம், ஹிஸ் ஒய்ஃப், குருவிகுளம் டீச்சர்.”

அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தார். அண்ணாச்சி சொன்னதில் எனக்குக் குழப்பமே இல்லாமல் புரிந்தது அந்த ஒன்றுதான்.