ஓம் என்றால் யெஸ் இல்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ‘ஓம்’ என்ற சொல்லை நம்பாத ஒரே மனிதர் றியலைஸ் கிளாக்கர்தான். பச்சைக் குழந்தை அழுதால்கூடப் பசியா, பாசாங்கா என்று விசாரித்துவிட்டுத்தான் ஒரு முடிவுக்கு வருவார்.

எண்பதுகளின் கடைசியில், மண்ணெண்ணெய்க் கானோடு சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எங்கள் வார்ட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு டொக்டர் அம்மா வந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஏதோ ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த நம்மவர், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மொழிபெயர்க்க வந்து சேர்ந்தார்.

எங்கள் சனம் டொக்டர் எதைச் சொன்னாலும் ‘ஓம்’ என்றுதான் சொல்லும். அது மரியாதை. விளங்கவில்லை என்று சொன்னால் டொக்டரின் மனம் நோகுமாம். வேறொருவர் என்றால் அதை ‘யெஸ்’ ஆக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருப்பார். கிளாக்கர் நகரமாட்டார். விளங்குவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களையெல்லாம் அவர் படிக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார். பேச்சு பிடிபட்டால் ‘ஃபொலோ’. தலைக்குள் போனால் ‘அண்டர்ஸ்டாண்ட்’. கைக்குள் அகப்பட்டால் ‘கிராஸ்ப்’. வயிற்றில் இறங்கினால்தான் ‘றியலைஸ்’. அந்தக் கடைசிப் படிக்கு ஏறிய நோயாளியை அவர் இன்னும் காணவில்லை.

டொக்டருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. நோயாளிகளைவிடக் கிளாக்கரைப் புரிந்துகொள்ளத்தான் பாவம், அவருக்கு அதிக நேரம் எடுத்தது.

பிளாஸ்டருக்குள் எதையும் விட்டுச் சொறியக் கூடாது என்று எனக்குச் சொன்னார்கள். நானும் பவ்வியமாக ‘ஓம்’ என்றேன். இவர் அண்டர்ஸ்டாண்ட் வரைக்கும்தான் வந்திருக்கிறார் என்று டொக்டரிடம் அறிவித்த கிளாக்கர், என் தலையணைக்குக் கீழே கையை விட்டு, சொறிவதற்கென்று நான் ஒளித்து வைத்திருந்த தென்னோலை ஈர்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு முழுவதும் கால் கடிக்கக் கடிக்க அவரைத் திட்டினேன்.

அடுத்த கட்டிலில் புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவர் சீனி வருத்தத்தோடு இருந்தார். இனி வீட்டுக்குப் போகலாம், மனைவி தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும், போட்டதும் அவர் சாப்பிட வேண்டும் என்றார் டொக்டர். மனைவி எல்லாவற்றுக்கும் ‘ஓம்’ என்றார். ஊசியை அழகாகப் போட்டும் காட்டினார். கிளாக்கர் மட்டும் தலையை ஆட்டி, இன்னும் இல்லை என்றார். வெளியே ஒருவர் பாயில் படுத்திருந்தார்; டொக்டருக்குக் கட்டில் அவசரமாகத் தேவை. அவருடைய குரல் உயர்ந்தது. கிளாக்கர் அதைக் காதில் விழுத்தாமல் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, வீட்டிலை வெள்ளிக்கிழமை விரதம் ஆர் பிடிக்கிறது?”

“நாங்கள் ரெண்டு பேரும்தான் ஐயா. பொழுதுபடுமட்டும் இவர் பச்சைத்தண்ணியும் குடியார்.”

“அண்டைக்கு ஊசி?”

“விடியவே போட்டுவிடுவன். டொக்டர் சொன்னதை நான் தவறவிடமாட்டன்.”

கிளாக்கர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் டொக்டரின் முகம் வெளுத்துவிட்டது. ஊசி போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் மனிதர் மயங்கிவிடுவார், உயிரே போகலாம் என்பதைக் கிளாக்கர் அந்தப் பெண்ணுக்கு மெதுவாக, திரும்பத் திரும்பச் சொன்னார். மனைவி இந்த முறை ‘ஓம்’ என்று சொல்லவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயா, இனி இவர் விடியச் சாப்பிடட்டும். இவரின்ரை விரதத்தையும் சேத்து நான் பிடிக்கிறன். முருகன் குறை நினைக்கமாட்டார்.”

அவர் என்ன சொல்கிறார் என்று டொக்டர் கேட்டார். கிளாக்கர் வாயைத் திறந்தார், ஆங்கிலம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்துக்கொண்டே நின்றார். டொக்டரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. தன் கையாலேயே வீட்டுக்குப் போகும் துண்டை எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தோட்டக்காரர் அதற்குப் பிறகும் பல போகம் வெங்காயம் நட்டார். சுன்னாகம் சந்தையில் கண்டால் சிரிப்பார். கிளாக்கரைத்தான் நான் பிறகு காணவேயில்லை. இப்போது அவர் தள்ளாத வயதில் எங்காவது ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், அவருடைய கட்டிலருகே யாராவது அவ்வளவு பொறுமையாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.