புதன்கிழமை வகுப்பு

சுவிசில், பூம்ப்ளிஸில் இருக்கிற மூன்று பள்ளிக்கூடங்களில் எது திறமானது என்று கேட்டதற்கு, நகரசபைக் கந்தோரில் இருந்த பெண் மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டாள். குணசேகரம் நம்பவில்லை. யாழ்ப்பாணத்துத் தபால் கந்தோரில் பன்னிரண்டு வருடம் இருந்தவர் அவர். எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை பேர் மெடிசினுக்கு எடுபட்டார்கள் என்று பேப்பரில் வருமுன்பே சொல்லுவார். பெறுபேற்றை ஒளித்துவைக்கிற ஊரை இப்போதுதான் காண்கிறார்.

சுவிசுக்கு வந்து மூன்று வருடம். ரெஸ்டோரண்ட் குசினியில் கோப்பை கழுவுகிற மனிதருக்குத் தனக்கென்று பெரிய ஆசை ஒன்றும் மிச்சமில்லை. மகள் சிவகலா டாக்டராக வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, இனிப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு மாறவேண்டும். சண்டையில் ஒரு வருடப் படிப்பு ஏற்கெனவே போய்விட்டது. பிழையான பள்ளிக்கூடத்தில் விட்டு இன்னும் ஒரு வருடத்தைத் தொலைக்க அவர் தயாராக இல்லை.

ஆகவே தானே ஆராய்ச்சியில் இறங்கினார். இந்த நாட்டில் புதன்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடம் இல்லை. அவருக்கும் அன்றைக்குத்தான் லீவு. லீவு நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தின் தராதரம் தெரிந்துவிடாதா? நல்ல பள்ளிக்கூடம் என்றால் ரியூசன் நடக்கும். இது அவர் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

முதலாவது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டு நின்றார்கள். கொப்பியில் அதை வெட்டினார். இரண்டாவதில் கதவு பூட்டியிருந்தது, படியில் ஒரு பூனை படுத்திருந்தது. அதையும் வெட்டினார். மூன்றாவது, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அங்கே ஒரு வகுப்பில் லைற் எரிந்தது.

யன்னலால் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இருபது பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஊசி விழுந்தாலும் கேட்கும். வாத்தியார் தன்பாட்டில் பேப்பர் வாசித்தார். அதட்டக்கூடத் தேவையில்லாத பிள்ளைகள். ஒருத்தன் பக்கம் பக்கமாக எழுதி, நொந்த கையை உதறிவிட்டுத் திரும்பவும் எழுதினான். குணசேகரம் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். தலையில் பனி கொட்டியது அவருக்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவி கலாவதியிடம், இப்படி ஒரு படிப்பைத் தன் ஆயுசில் கண்டதில்லை என்று நாலு தரம் சொன்னார்.

ஒரு சிக்கல். எந்தத் தெருவில் வீடோ, அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் பிள்ளையை எடுப்பார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர்க்காரர் மூத்ததம்பி அண்ணையின் குடும்பம் இருந்தது. வெயில் எட்டிப்பாராத கீழ்வீடு. இந்தப் பக்கம் குணசேகரத்துக்கு லிப்ட், பல்கனி எல்லாம் உள்ள மூன்றாம் மாடி. வீட்டை மாற்றிக்கொள்வோமா என்று குணசேகரம் கேட்டு முடிக்குமுன் மூத்ததம்பி சாமான் கட்டத் தொடங்கிவிட்டார்.

"ரயில் போகேக்க சோத்துக்கோப்பை தானா நகருது," என்றாள் கலாவதி, குடிபோன முதல் நாளே.

"பிள்ளை படிச்சு வரட்டும், நீர் மாளிகையில இருப்பீர்."

சிவகலா புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். முதல் புதன்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்து நின்றாள். குணசேகரம் சோத்துக்கோப்பையை விட்டு எழும்பினார். பின்னேர வகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்டார். பிள்ளை தகப்பனைப் பார்த்தாள், நகர்ந்துகொண்டிருந்த சோத்துக்கோப்பையைப் பார்த்தாள்.

"அதுக்கு எல்லாரையும் எடுக்காயினம் அப்பா. ரீச்சர்மார் பாத்துத்தான் எடுப்பினம்."

அப்படியா சங்கதி என்று அவர் கங்கணம் கட்டினார். விடிய ஐந்து மணிக்கே பிள்ளையை எழுப்பிக் கணக்குச் செய்ய வைத்தார். இரண்டு மாதத்தில் எல்லாப் பாடத்திலும் ஆறுக்கு ஆறு. புதன்கிழமை மட்டும் வாய்க்கவில்லை. ஒருநாள் வடை பார்சலோடு வகுப்பு ரீச்சரைப் போய்ப் பார்த்து, தெரிந்த ஜேர்மனில் கெஞ்சினார். ரீச்சர் வடையை ருசித்தார், மகளைப் புகழ்ந்தார், புதன்கிழமைக்கு மட்டும் சிரித்துச் சிரித்துத் தலையாட்டி மறுத்துவிட்டார்.

அன்றைக்குக் குணசேகரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

"அகதியின்ர பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காதுபோல," என்றார். சிவகலா கொப்பியை மூடி வைத்துவிட்டுத் தகப்பனையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. மகளின் பெயர், புதன்கிழமை, இரண்டு மணியிலிருந்து நாலு மணி, கீழே தகப்பனின் கையெழுத்துக்கு இடம். மிச்சத்தை வாசிக்க அவருக்கு ஜேர்மனும் போதாது, பொறுமையும் போதாது. முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தார். ஒரு போட்டோக்கொப்பி எடுத்துப் பிள்ளையார் படத்தடியிலும் வைத்தார்.

புதன்கிழமை பழையபடி அந்த யன்னலடியில் போய் நின்றார். அதே வாத்தியார், அதே பேப்பர், அதே அமைதி. அதற்குள் தன் பிள்ளையும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருபது பேருக்கு நடுவில் அந்த ஒற்றைப் பின்னல். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஊரைவிட்டு ஓடிவந்ததற்கு இது போதும் என்று நினைத்தார்.

சனிக்கிழமை வீட்டில் கேசரி. மூத்ததம்பியும் மகனைக் கூட்டிக்கொண்டு குடும்பமாய் வந்தார். போட்டோக்கொப்பியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். பல்கனிக்கு ஆசைப்பட்டு மகனின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று புலம்பினார். பிறகு குணசேகரத்தைத் தனியே கூப்பிட்டு, வீட்டைத் திருப்பி மாற்றுவோமா என்று மெல்லக் கேட்டும் பார்த்தார். குணசேகரம் சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

கடைசியில் மூத்ததம்பி, கேசரித் தட்டோடு வந்த சிவகலாவைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, மாமாவுக்கு ஒளிக்காமல் சொல்லு. அந்த வகுப்புக்கு எடுபட என்ன படிச்சனி?"

சிவகலா தட்டைக் கவனமாக மேசையில் வைத்தாள்.

"படிப்பால ஏலாது மாமா. நல்ல பிள்ளையெண்டு முதல் ரெண்டு யன்னலுக்கும் சும்மா விட்டிட்டினம், மூண்டாவதையும் கல்லால உடைச்சாப்பிறகுதான் என்னையும் மற்றக் குழப்படிகாரரோட இருத்தித் தண்டனை எழுத விட்டவை."