என் கல்யாணத்தில் அருந்ததி பார்த்த கதை

மணவறையில் மாப்பிள்ளைக்கு இருக்கும் ஒரே வேலை, ஐயர் சொன்னதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது. அதுகூட எனக்கு ஒழுங்காக வரவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வைகாசியில் கல்யாணம். நிச்சயம் முடிந்து போனில் பேசும்போது சுமதி சொன்னாள், அவள் அக்கா கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொன்னதும் எல்லாரும் மின்விசிறியைத்தான் பார்த்தார்களாம். பகலில் நட்சத்திரத்துக்கு எங்கே போவது? "ஒனக்கு நான் நெஜமாவே காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். (கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிற திமிர்.) அவளுக்கு நான் கொடுத்த முதல் வாக்கு. தலைகீழாக நின்றாவது காப்பாற்றுவது என்று இருந்தேன்.

பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் வானத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்று இருந்தது. ஒரு பட்டனைத் தட்டினால் வெயில் மறைந்து பட்டப்பகலிலும் நட்சத்திரங்கள் தெரியும். முகூர்த்தத்தன்று மானிட்டர், சி.பி.யு., யு.பி.எஸ். எல்லாம் ஆட்டோவில் புதுச்சேரி உழவர்கரை மண்டபத்துக்கு வந்து இறங்கின. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சீர்வரிசை என்று நினைத்து யாரோ மானிட்டருக்குக் குங்குமம் வைத்தார்கள்.

தாலி கட்டி, அம்மி மிதித்ததும் ஐயர் வழக்கம்போல் கூரையைக் காட்டினார். நான் மானிட்டரைக் காட்டினேன். திரை நடுவில் வசிஷ்டர், ஒட்டினாற்போல் அருந்ததி. மேளக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

சுமதி குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "கீழ பாரீஸ்னு போட்டிருக்கே, ஏங்க?"

அந்த மென்பொருளுக்குச் சொந்த ஊர் பாரீஸ். நம் ஊருக்கு நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். நான் மாற்றவில்லை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் அவள் பெரியப்பா, அந்த ஊர் வானமே போதும் என்றார். விடுவேனா? நல்ல நேரம் போகிறது என்று ஐயர் சொல்லச் சொல்ல, பட்டு வேட்டியோடு கீபோர்டைப் பிடித்துக்கொண்டு புதுச்சேரிக்கு மாற்றினேன். வானம் ஒரு சுற்றுச் சுற்றியது. அருந்ததி தரைக்குக் கீழே போய்விட்டாள். வைகாசியில் நம் ஊருக்கு அவள் உதிப்பதே மத்தியானத்துக்கு மேல்தானாம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிய தாலியில் மஞ்சள் ஈரம் காயவில்லை, அதற்குள் வாக்குத் தவறியாயிற்று. சுமதி திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"பூமிக்குக் கீழதான இருக்கு? இப்படியே பாத்துக்கறேன்" என்று தலையைக் குனிந்து தரையைக் கும்பிட்டாள். பெண் எவ்வளவு அடக்கம் என்று என் அத்தைகள் அசந்துபோனார்கள்.

இன்றும் வீட்டில் எதையாவது நானே செய்து தருகிறேன் என்று சொன்னால் சுமதி மறுத்துப் பேசுவதில்லை. தலையைக் குனிந்து தரையைக் கும்பிடுகிறாள். இப்போது பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கும்பிடுகிறார்கள்.