வண்டி இருக்கிறதா என்று கேட்கும் நர்ஸ் மீது புகார்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கோபம் உட்பட இங்கு எல்லாம் நலம். அங்கும் நலமென்றே நம்புகிறேன். நீதான் பதில் போடுவதில்லையே.

என் மகளுக்கு எட்டாம் மாதம் அல்லவா, சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வாரம் தவறாமல் வருகிறார். ரத்த அழுத்தம் பார்த்தோமா போனோமா என்று இருக்கக் கூடாதா? வீட்டில் வருமானம் எவ்வளவு, மருமகனுக்கு நிரந்தர வேலையா, பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அவசரத்துக்கு வண்டி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொள்கிறார். பிள்ளை பெறுவதற்கும் என் வருமானத்துக்கும் என்ன சம்பந்தம்? வரி இலாகா அனுப்பிய ஆளோ, வாடகையை ஏற்ற மாடிவீட்டு ஓனர் ஏவிவிட்ட உளவோ, யார் கண்டது? நானும் லேசுப்பட்டவனா!

"வருமானம் சார்?"

"தாராளம்."

"வண்டி?"

"வாசல்ல நிக்குதே, தெரியலையா?"

நின்றது ஓனருடைய கார். எனக்கு இருப்பது ஒரு தையல் மிஷின்; எவ்வளவு மிதித்தாலும் இருந்த இடத்தை விட்டு நகராது.

"அப்ப ஆம்புலன்ஸ் பட்டியல்லேருந்து உங்களை எடுத்துரட்டுமா?"

"பேஷா எடுங்க!"

"பொய் சொல்ல வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று உள்ளேயிருந்து உன் அக்கா. அவள் பேச்சை என்றைக்குக் கேட்டேன்? அந்த நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாரே, சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. போகும்போது, "கால் வீங்கியிருக்கு. தலைவலி வந்தாலோ கண்ணு மங்கினாலோ உடனே கூப்பிடுங்க" என்று மிரட்டல் வேறு. ஆகவே, வக்கீல் குமாஸ்தாவான நீ, இவரைக் கண்காணாத இடத்துக்கு மாற்றச் சொல்லி மேலிடத்துக்குக் காரசாரமாக ஒரு மனு தட்டிவிடவும்.

உன் பிள்ளைகளுக்கு ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பும், உன்னோடு குடித்தனம் நடத்துவதற்கு அனுதாபமும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு: நாலு நாளாகத் தபாலில் போட மறந்த கடிதம் இது. மேலே உள்ளதை அடித்துவிடு. நேற்று மகளுக்குக் கண் மங்கிவிட்டது. ஓனர் காரோடு வெளியூர். நர்ஸுக்குப் போன் போட்டு நான் திக்குவதற்குள், "உங்க பேரை நான் எடுக்கவே இல்ல சார். வண்டி கிளம்பிடுச்சு" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே மகளுக்கு வலிப்பு. இப்போது மகளும் பேத்தியும் பிழைத்துக்கொண்டார்கள். அதே நேரத்தில் கல்குவாரிப் பக்கத்திலிருந்தும் ஒருவர் மனைவிக்காகக் கூப்பிட்டிருக்கிறார். இருப்பது ஒரே வண்டி. அது எங்களோடு இருந்தது. அவர்கள் வந்து சேர நேரமாகிவிட்டது; அந்தப் பெண் பிழைக்கவில்லை. அந்த மனிதர் இப்போது என் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். "உங்க பொண்ணுக்குத் தேவலையா?" என்று கேட்டார். இன்னொரு வண்டி வேண்டுமென்று மனு எழுது. இன்றைக்கே எழுது.