பொட்டு சாரின் நாய்க் கணக்கு

தாம்பரத்துக்குத் தெற்கே, மனைவியின் நெற்றியைவிட நாய்களின் நெற்றியை அதிகம் பார்த்த ஒரே மனிதர் எங்கள் பொட்டு சார்தான். அவருக்கும் பெற்றவர்கள் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். முடிச்சூரில் எங்கள் தெருவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆனால் எதையும் ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார். கொஞ்சத்தைப் பிடித்து அடையாளம் வைத்து விட்டுவிட வேண்டும்; அப்புறம் மறுபடி பிடிக்க வேண்டும்; அதில் அடையாளத்தோடு வருவது எவ்வளவு என்று பார்த்தால் மொத்தத்தையும் சொல்லிவிடலாம் என்பார். கேட்டவர்களுக்கு உடனே பால் பாக்கெட் வாங்கும் வேலை ஞாபகம் வந்துவிடும்.

முதலில் மாட்டியது கரப்பான்பூச்சி. மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து வீட்டுக் கரப்பான்களின் முதுகில் தொட்டு விட்டார். கரப்பான் யார் வீட்டிலிருந்து வருகிறது என்று அவர் வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் பல வருஷச் சண்டை. அந்த வாரமே மேல்வீட்டு அரிசி டப்பாவில் ரோஸ் கலரில் ஒன்று அகப்பட்டது. அந்த அம்மா அதைக் காகிதத்தில் மடித்து, ஆதாரத்தோடு இறங்கி வந்தார். பொட்டு சாருக்கோ ஒரே சந்தோஷம். ஒன்று திரும்பக் கிடைத்துவிட்டதே என்று நன்றி சொன்னாராம். இரண்டு வீட்டுக்கும் அன்றோடு பேச்சு நின்றது.

எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு நாய் என்றால் ஆகாது. மனிதர்களும் அப்படியொன்றும் ஆகாது, ஆனால் அவர்களை வண்டியில் ஏற்ற வழியில்லை. ஏரியாவில் ஐந்நூறு நாய் திரிகிறது, ஆள் வைத்துப் பிடித்துவிட வேண்டும் என்று கூட்டத்தில் குதித்தார். பொட்டு சார் எழுந்து, அவ்வளவெல்லாம் இருக்காது, நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், குறைவாக இருந்தால் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு இங்கேயே விட்டுவிடலாம் என்றார். செயலாளர் வேண்டா வெறுப்பாகத் தலையாட்டினார்.

எப்படிக் கணக்குப் போடுவது என்று விளக்க, கூட்டத்துக்கு வந்திருந்த சுண்டல் பாத்திரத்தை சார் இழுத்தார். ஒரு பிடி அள்ளி, ஒவ்வொரு கடலையிலும் குங்குமம் தொட்டு, மறுபடி உள்ளே போட்டுக் கிளறினார். இன்னொரு பிடி எடுக்க அவர் திரும்புவதற்குள் பொருளாளர் சிவப்பாகப் பார்த்துப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார். பிரசாதம் என்று நினைத்துவிட்டாராம். எல்லோரும் சிரித்தோம். நடக்கப்போவது முழுக்க அந்தப் பாத்திரத்திலேயே இருந்திருக்கிறது. அன்று யாருக்கும் புரியவில்லை, பொட்டு சாருக்கும்தான்.

மறுநாளே ஆடு வளர்ப்பவர்கள் பூசும் சிவப்புச் சாயமும் பை நிறைய பிஸ்கெட்டுமாகக் கிளம்பினார். பிஸ்கெட்டைக் காட்டுவார், நாய் வரும், நவராத்திரிக்கு வந்தவர்களுக்கு வைப்பது போல நெற்றியில் ஒரு பொட்டு வைத்து அனுப்புவார். தினமும் முதலில் வந்து நிற்பது கொக்கி. வால் முனை மடங்கிய கிழட்டுப் பெண்நாய். "உனக்கு வெச்சாச்சும்மா, நீ திரும்பத் திரும்ப வந்தா கணக்கு தப்பாயிடும்" என்று அதனிடம் கெஞ்சுவார். கணக்கில் சேராத பிஸ்கெட் அதற்கு மட்டும் தினமும் உண்டு.

முடிவு வந்தது. எழுபது சொச்சம்தான். ஊசி போட்டார்கள், விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். பொட்டு சார் விடவில்லை. எத்தனை பிழைத்திருக்கின்றன என்பதும் இதே முறையில் தெரியும் என்று மாதாமாதம் கிளம்பினார். கொஞ்ச நாளில் பொட்டு வைத்த நாய்கள் குறைந்தன. வைக்காதவை அப்படியே இருந்தன. மழையில் அழிந்திருக்கும் என்று சாயத்தை மாற்றிப் பார்த்தார். புதுச் சாயம் வைத்தவையும் காணாமல் போயின. கடைசியில் முனையில் இஸ்திரி போடும் அக்காவிடம் விசாரித்தார். நானும் சட்டை வாங்க நின்றிருந்தேன்.

"விடியக்காலம் வண்டி வந்துகினுதானே கீது சார். செகரட்டரி சார்தான் இட்டாந்தாரு. பொட்டு வெச்சதெல்லாம் புடிக்கிறதுக்குனு சங்கத்துல போட்ட அடையாளம்னு வண்டில வந்த பசங்க நெனைச்சிகினானுங்க. பிஸ்கெட்டைக் காட்னா அதுங்களே வந்து ஏறுதுங்க."

"எங்கேம்மா கொண்டுபோய் விடறாங்க?"

அக்கா பெட்டியை ஓரமாக வைத்தாள். "விட்டிருந்தா உங்களாண்ட திரும்பி வந்திருக்காதா சார்?"

 பொட்டு சார் என் பக்கம் திரும்பினார். "அடையாளம் வெச்சதாலயே ஒண்ணு சாகக் கூடாது சார். இந்தக் கணக்குக்கு அதுதான் அஸ்திவாரம்."

அந்த மாதக் கூட்டத்தில் செயலாளர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். சாரின் அறிவியல் பணியால் தெரு சுத்தமாகிவிட்டது என்று மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். வெள்ளம் வந்தபோது மொட்டை மாடியில் இதே நாய்களோடு ஒண்டிக் கிடந்த அதே ஆட்கள். அந்தக் கைதட்டலை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பொட்டு சார் பொன்னாடையோடு நேராகத் தெருவில் இறங்கினார். அதைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து, மிச்சமிருந்த நாய்களின் நெற்றியைத் துடைத்தார். ஜரிகை குத்தியிருக்கும். முகத்தைச் சுளித்தாலும் அவை ஓடாமல் நின்றன. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாளிலிருந்து கல்லை எடுத்தார்.

மேலே படாமல்தான் எறிவார். மனிதன் கையை நீட்டினால் ஓட வேண்டும் என்று பழக்குகிறாராம். மற்ற நாய்கள் பழகிக்கொண்டன. கொக்கி மட்டும் எறிந்த கல்லைக் கவ்விக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது. மறுபடி எறிந்தார், மறுபடி கொண்டுவந்தது. பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் குறி பார்த்து அதன் விலாவிலேயே எறிந்தார். கொக்கி அலறிக்கொண்டு ஓடியது. பொட்டு சார் தெருவிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் வீட்டைக் காலி செய்துகொண்டு சிறுசேரியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். உயரமான மாடியாம். வாயில்லா ஜீவனைக் கல்லால் அடித்த கிறுக்கன் என்றுதான் எங்கள் தெருவில் இன்றைக்கும் அவரைப் பற்றிப் பேச்சு. செயலாளரை மறுபடியும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

போன வாரம் இரும்புலியூரில் ஒரு டீக்கடை வாசலில் முனை மடங்கிய வால் ஒன்றைப் பார்த்தேன். பிஸ்கெட் வாங்கி நீட்டினேன். என் கையைப் பார்த்ததுதான் தாமதம், எடுத்தது ஓட்டம். சார், இந்தப் பத்திரிகை உங்கள் மாடி வரைக்கும் வருமானால் உங்களுக்கு ஒரு செய்தி. கொக்கி உயிரோடு இருக்கிறது. நன்றாக ஓடுகிறது.